கல்லுக்கு இந்தப் பக்கம்

நிலம்தான்.

நீ கேட்டதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டேன், பாரும்மா. கையில் சேர்ந்த முதல் பணத்தை மனையில் போடுவதா, ஷேரில் போடுவதா என்றால் மனையில்தான். உன் வீட்டுக்காரர் பத்திரம் எழுதுகிறவரிடம் பேசிவிட்டு வரட்டும், அவரிடமும் சொல்கிறேன். இப்படி உட்கார். என் டோக்கன் நாற்பத்தாறு. முப்பத்தெட்டில் ரிஜிஸ்டர் ஆபீஸ் சர்வர் நின்றுபோய் அரை மணி ஆகிறது.

நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தேன். சேலைக்கு ஃபால்ஸ் தைக்கிறவள். ஆனால் பதினாலு வருஷம் ஒரு மனையைப் பிள்ளை மாதிரி வளர்த்தேன். பின்னே இன்றைக்கு ஏன் விற்க வந்து உட்கார்ந்திருக்கிறாய் என்று நீ கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். நிலத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை. குற்றமெல்லாம் அதோ வெளியே சைக்கிள் நிறுத்துகிற இடத்தில், பழுப்புச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர் மேல். என் வீட்டுக்காரர்தான். ஒரே பஸ்ஸில்தான் வந்தோம். அவர் முன்னால், நான் பின்னால். பேச்சு இல்லை. இன்றோடு இருபத்திரண்டு நாள்.

எனக்கு ஆசை என்று பெரிதாக எதுவும் இருந்ததில்லை. நகை கேட்டதில்லை. சொந்தமாக ஒரு வீடு, அவ்வளவுதான். கல்யாணமாகி வந்ததிலிருந்து எட்டு வாடகை வீடு பார்த்துவிட்டேன். இப்போது இருக்கிற வீட்டில் காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடித்ததற்கு வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து சுவரைத் தடவிப் பார்த்தாள். என் கன்னத்தைத் தடவின மாதிரி இருந்தது. யாரையும் கேட்காமல் ஆணி அடிக்க எனக்கு ஒரு சுவர் வேண்டும். இதில் என்ன பேராசை?

இவர் துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் இருந்தார். வெல்டர். கம்பெனியை மூடிவிட்டு, எல்லாருக்கும் கணக்கு முடித்து அனுப்பினார்கள். இவருக்கு நாலரை லட்சம் வந்தது. அந்த மாதிரி ஒரு தொகையை அதற்கு முன்னும் நாங்கள் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. நான் மனை என்றேன். இவர் ஷேர் என்றார். கூட வேலை பார்த்த மார்ட்டின் என்று ஒருவர், அவர் ஏற்றிவிட்டது. நாலு நாள் வீட்டில் சோறு பொங்கவில்லை. கடைசியில் ஆளுக்குப் பாதி என்று முடிவாயிற்று. பாதிக்கு நான் மனை வாங்குவது, என் பேரில். பாதிக்கு அவர் ஷேர் வாங்குவது, அவர் பேரில். எது ஜெயிக்கிறது என்று பார்த்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். அவர் போட்டிக்கெல்லாம் வர மாட்டார். சரி என்றார். எதற்கும் சரி என்பார். அதுதான் அவரிடம் இருக்கிற பெரிய கெட்ட குணம்.

புதுக்கோட்டை ரோட்டில் பொன்வயல் நகர் என்று மனை போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டிலிருந்து அவர்களே வேன் வைத்துக் கூட்டிப்போவார்கள். மத்தியானம் பிரியாணிப் பொட்டலம். நீயும் போயிருப்பாயே? வேனில் இருந்த பையன் இறங்கக்கூட இல்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, அந்தா முப்பத்தொண்ணுன்னு கல்லு தெரியுதே, அதான் உங்களுது என்றான். போய்ப் பார்த்தோம். கல்லில் சிவப்புப் பெயிண்டில் முப்பத்தொன்று என்று எழுதியிருந்தது. கல்லுக்குக் கிழக்கே கொஞ்சம் பள்ளமான இடம், ஆனால் ஒரு வேம்பு நின்றது. மேற்கே செம்மண் மேடு, மொட்டையாகக் கிடந்தது. வேம்பு நிற்கிற இடம் லட்சுமி வாசம் செய்கிற இடம். நான் நேரே போய் அந்த வேம்படியில் நின்றேன். நின்றதும் மனசுக்குள் ஒரு குளிர்ச்சி. நம்முடையது இதுதான் என்று உள்ளே ஒன்று சொன்னது.

இவர் கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கல்லுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கேட்டார். யாரிடம் கேட்டார்? காற்றிடம் கேட்டார். நான் வேம்பைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பத்திரம் கைக்கு வந்ததும் அதையும் படித்துப் பார்த்திருக்கிறார். நான் ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியும் தண்ணீர்க் கேனுமாகக் கிளம்புகிற நேரத்தில், முப்பத்திரண்டாம் மனைக்கு மேற்கு என்று போட்டிருக்கிறதே, அப்படியானால் நமக்கு மேட்டுப் பக்கம்தானே வரும் என்றார். பத்திரம் எழுதினவன் மனையை வந்து பார்த்தானா, நீங்கள் செருப்பைப் போடுங்கள் என்றேன். போட்டுக்கொண்டார். இப்போது என்னவென்றால், அன்றைக்கே சொன்னாராம். சொல்வது என்றால் அப்படியா சொல்வது? செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னால் அது சொன்னதாகுமா? ஆம்பளை என்றால் ஓங்கிச் சொல்ல வேண்டாமா?

ஞாயிறு தவறாமல் போவேன். முள்ளை வெட்டி, கல்லைப் பொறுக்கி, எல்லாவற்றையும் மேற்குப் பக்கம் தூக்கி எறிவேன். அந்த மனைக்காரன் எவனோ, ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. வாங்கிப் போட்டுவிட்டு இப்படியும் ஒருத்தன் இருப்பானா என்று திட்டிக்கொண்டே எறிவேன். நாலு தென்னங்கன்று வைத்தேன். சொந்தக்காரர்கள் வந்தால் அங்கேதான் கூட்டிப்போவேன். வேம்படியில் உட்கார வைத்து மோர் கொடுப்பேன். வரும்போது இவரைக் கேட்பேன்:

"உங்க ஷேரையும் காட்டுங்களேன், எல்லாரும் பாக்கட்டும்."

ஏதோ பெயிண்ட் கம்பெனியில் ஷேர் வைத்திருந்தார், பிஸ்கட் கம்பெனியில் வைத்திருந்தார். கம்பெனியில் உங்களுக்கும் பங்கு இருக்கிறதே, ஒரு நாள் போய் கேட்டில் நில்லுங்கள், வாட்ச்மேன் உள்ளே விடுகிறானா பார்ப்போம் என்பேன். என் நாத்தனார் விழுந்து விழுந்து சிரிப்பாள். இவர், "விடமாட்டான்" என்று சொல்லிவிட்டு டீ குடிப்பார்.

என் மனை பள்ளம் என்று சொன்னேன் அல்லவா? மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். மண் அடித்து மேடாக்க வேண்டும். விசாரித்தால் லோடுக்கு இவ்வளவு என்றார்கள். தலை சுற்றியது. அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. இன்றைக்கும் சொல்கிறேன், நல்ல யோசனை. பக்கத்திலேயே செம்மண் மேடு சும்மா கிடக்கிறது. கேட்க ஆளில்லை. டிராக்டர் வைத்திருந்த ராசப்பன் என்பவனைப் பிடித்தேன். வாடகை கிடையாது, பணம் கிடையாது. நீ ஒரு லோடு எடுத்துக்கொள், என் பள்ளத்தில் ஒரு லோடு கொட்டு என்றேன். அவனுக்கு மண்ணை விற்றால் காசு. எனக்கு மேடு. ஒரு பைசா செலவில்லை. யாருக்கும் நஷ்டமில்லை.

"அடுத்தவன் மண்ணு மங்கை," என்றார் இவர்.

"அவன் வந்து கேக்கட்டும், பதில் சொல்லிக்கிறேன்," என்றேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை நடந்தது. ராசப்பன் லேசுப்பட்டவன் இல்லை. என் பள்ளம் நிரம்பின பிறகும் அவன் தன் லோடுகளை எடுத்துக்கொண்டே இருந்தான். மேடு போய், தரை போய், ஆளுயரத்துக்குக் குழி ஆகிவிட்டது. போகட்டும், நமக்கென்ன என்று விட்டுவிட்டேன். என் மனை ரோட்டுக்குச் சமமாக ஏறி நின்றது. நடந்து பார்த்தேன். மெத்தை மாதிரி இருந்தது.

இந்தப் பக்கம் நான் இவ்வளவு செய்துகொண்டிருக்க, அவருடைய ஷேர் என்ன ஆயிற்று என்று கேள். அதைத்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஒன்றுமே ஆகவில்லை. நடுவில் எனக்குக் கர்ப்பப்பை எடுத்தார்கள். தனியார் ஆஸ்பத்திரி. எங்கேயோ புரட்டிக் கட்டினார். மகள் அபிநயாவுக்கு லேப் டெக்னீஷியன் படிப்பு, மூன்று வருஷ ஃபீஸ், எங்கேயோ புரட்டினார். யாரிடமும் கைமாற்று வாங்கின மாதிரியும் தெரியவில்லை, வட்டிக்காரன் எவனும் வீட்டுப் பக்கம் வந்ததும் இல்லை. ஆம்பளை, எங்கேயாவது புரட்டத்தானே வேண்டும்? நான் அதையெல்லாம் கிண்டிக் கேட்கிற பெண்பிள்ளை இல்லை. ஆனால் ஷேர் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை கேட்பேன். கொஞ்சம் இருக்கிறது என்பார். இரண்டேகால் லட்சம் போட்டது, பதினாலு வருஷம் கழித்து கொஞ்சம் இருக்கிறதாம். எப்படிக் கரைந்து போயிற்று, பார். மண் கரையுமா?

கொரோனா வந்ததே, அப்போது டிவியில் ஒரே சிவப்புச் சிவப்பாகக் கோடு போட்டு, எல்லாம் விழுந்துவிட்டது என்றான். இவர் அசையவில்லை. பொறு, ஏறும் என்கிறார். இருப்பதையாவது காப்பாற்றி மனையில் தண்ணீருக்கு ஒரு போர் போடலாம் என்று அழுது, சாப்பிடாமல் கிடந்து, விற்க வைத்தேன். எல்லாவற்றையும் விற்கச் சொன்னேன். போருக்கு வேண்டிய அளவுதான் விற்றார். மார்ட்டின் அண்ணன் போனில் கத்தினது எனக்கே கேட்டது. இந்த நேரத்தில் எவனாவது விற்பானா என்று. கத்தட்டும். ஊரடங்கு தளர்ந்ததும் போர் போட்டோம். முந்நூறு அடியில் தண்ணீர், இளநீர் மாதிரி. ஷேரை விற்று எதைக் கண்டாய் என்று யாராவது கேட்டால் குழாயைத் திறந்து காட்டலாம். நல்ல வேளை, நான் அழுதேன்.

இந்த வருஷம் மகள் சம்பாதிக்க ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகிறது. அம்மா, கட்டலாம் என்றாள். ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு அடுப்படி. வாசல் எங்கே, துளசி எங்கே என்று எனக்கு முன்பே தெரியும். பிளான் போட வேண்டுமென்றால் அளந்து காட்ட வேண்டும் என்றார்கள். சர்வேயருக்கு எழுதிக் கொடுத்தோம். அக்கம்பக்கத்து மனைக்காரருக்கும் தகவல் போயிருக்கிறது. அளக்கிற அன்றைக்கு, இத்தனை வருஷமாகக் கண்ணிலேயே படாத அந்த மனைக்காரன் வந்து நிற்கிறான். தேவசகாயம் என்று பேர். குவைத்தில் இருக்கிறவன், லீவில் வந்திருக்கிறான். கறுப்புக் கண்ணாடி, சென்ட் வாசனை. எனக்குக் கொஞ்சம் பயம்தான். குழியைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது? எவனோ திருடிவிட்டான் தம்பி என்று சொல்லிவிடலாம் என்று வாயில் வைத்துக்கொண்டு நின்றேன்.

சர்வேயர் ரோட்டு முனையிலிருந்து டேப்பை இழுத்துக்கொண்டே வந்தார். தாளைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். திரும்பவும் முனைக்குப் போய் இன்னொரு தடவை இழுத்துக்கொண்டு வந்தார். அப்புறம் குழியைக் காட்டி, "அம்மா, உங்க எடம் இதான்" என்றார்.

"தம்பி, அது குழி," என்றேன்.

"குழிதாம்மா. முப்பத்தொண்ணு."

வேம்பு, நாலு தென்னை, போர், நிரவின மண், எல்லாம் முப்பத்திரண்டு. தேவசகாயத்துடையது.

அந்தத் தேவசகாயம் சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். அவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிடுகிறான். ரொம்ப நன்றிக்கா, நான் இங்கே இருந்திருந்தால்கூட இவ்வளவு நன்றாகப் பார்த்திருக்க மாட்டேன் என்கிறான். குத்தலாகச் சொல்லவில்லை. மனசாரச் சொன்னான். காருக்குப் போய் ஒரு டப்பா பேரீச்சம்பழம் எடுத்துவந்து என் கையில் வைத்தான்.

நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு வார்த்தை, ஓர் அதட்டல், இது எங்கள் போர், எங்கள் மரம் என்று ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். இவர் குழியைப் பார்க்கிறார். வேம்பைப் பார்க்கிறார். திரும்பவும் குழியைப் பார்க்கிறார். அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்து, சிரிக்க ஆரம்பித்தார்.

கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம். இந்த மனுஷனுக்கு அவ்வளவு சிரிப்பு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தோளெல்லாம் குலுங்குகிறது. கண்ணில் தண்ணீர். சர்வேயர் டேப்பைச் சுற்றாமல் நிற்கிறார். இவர் மூச்சு வாங்கிக்கொண்டு சொல்கிறார்:

"மங்கை, நம்ம மண்ணு எங்கயும் போகல. பக்கத்துலதான் இருக்கு."

இதைச் சொல்லலாமா? பதினாலு வருஷத்து ஞாயிற்றுக்கிழமை எனக்கு மண்ணோடு போயிற்று, இவருக்குச் சிரிப்பு. அன்றைக்கு நிறுத்தினதுதான் பேச்சு. அந்தப் பேரீச்சம்பழத்தை அலமாரியில் வைத்தேன். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று எடுத்துச் சாப்பிடுகிறார். மென்று, ரசித்துச் சாப்பிடுகிறார். எனக்கு எப்படி இருக்கும், சொல்.

மாற்றிக்கொள்ளலாம், நீ குழியை எடுத்துக்கொள், எனக்கு வேம்பைக் கொடு என்று தேவசகாயத்திடம் கேட்டுப் பார்த்தேன். அது முடியாதுக்கா, வேண்டுமானால் உங்கள் குழியையும் நானே வாங்கிக்கொள்கிறேன் என்றான். ஏனாம்? இரண்டு மனையும் சேர்த்துப் பெரிதாகக் கட்டப்போகிறான். கீழே கார் நிறுத்தப் பள்ளம் எடுக்க வேண்டுமாம். தோண்டுகிற செலவு மிச்சம் என்றான். அப்படியும் விலையைக் குறைத்துத்தான் கேட்டான். குழியை நிரப்பிக்கொள்ளலாம் என்று விசாரித்தேன். அப்போது சும்மா போன மண், இப்போது லோடு நாலாயிரம். அதற்கும் பர்மிட் வேண்டும்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழக்கத்தில் எழுந்து, பழக்கத்தில் பஸ் ஏறிப் போய்விட்டேன். போய் இறங்கினால் எங்கே நிற்பது என்று தெரியவில்லை. ஒரு பக்கம் அவனுடைய இடம். ஒரு பக்கம் தண்ணீர் நிற்கிற குழி. நடுவில் அந்தக் கல்தான் இருக்கிறது. மூன்றாவது தென்னையில் புதிதாக ஒரு பாளை வெடித்திருந்தது. தண்ணீர் ஊற்றலாமா என்று கை போயிற்று. ஊற்றவில்லை. ஊற்றினால் இன்னொரு டப்பா பேரீச்சம்பழம் கொடுப்பான்.

இப்போது அப்பாவும் மகளும் சேர்ந்து வேறொன்று பேசுகிறார்கள். நான் தைக்கிற அறையில் இருக்கும்போது அவள் போனில் சொன்னாள். அப்பாவிடம் கொஞ்சம் இல்லையம்மா, ஆறு லட்சத்துக்கு மேல் இருக்கிறது, அந்த வருஷம் விற்காமல் விட்டிருந்தால் இன்னும் இருந்திருக்கும், என் ஃபீஸுக்கும் உன் ஆபரேஷனுக்கும் எங்கிருந்து வந்தது என்று நினைத்தாய் என்றாள். இருக்கட்டும். காகிதத்தில் ஆயிரம் எழுதுவான். யார் கண்ணால் பார்த்தது? குழிப் பணத்தையும் அந்த ஷேரையும் போட்டு, மீதிக்கு அவள் லோன் எடுத்தால், கே.கே. நகர்ப் பக்கம் பழைய ஃபிளாட் ஒன்று வருகிறதாம். இரண்டாவது மாடி. ஒரு பெட்ரூம். காலுக்குக் கீழே மண் இல்லாமல், தலைக்கு மேலே வானம் இல்லாமல், எவன் வீட்டுத் தரையோ நமக்குக் கூரை, நம் தரை எவனுக்கோ கூரை. அது ஒரு வீடா?

போன வாரம் கூட்டிப்போய்க் காட்டினாள். ஹாலில் மேற்குச் சுவர் காலியாக இருந்தது. நல்ல சுவர். தட்டிப் பார்த்தேன், திடமாக இருந்தது. ஆனால் அவர் ஷேரில் வாங்குகிற சுவரில் நான் ஆணி அடிக்க மாட்டேன். அடிக்கிற அன்றைக்கு அந்தச் சிரிப்பு திரும்ப வரும். வெளியே வராது, உள்ளேயே சிரிப்பார். எனக்குக் கேட்கும்.

அதனால்தான் சொல்கிறேன், நிலம் வாங்கு. யார் என்ன சொன்னாலும் நிலம் வாங்கு. கூட வருகிறவன் சரியாக இருந்தால் நிலம் ஏமாற்றாது.

என்ன, சர்வர் வந்துவிட்டதா? நாற்பத்திரண்டா? நாற்பத்தாறா? என் நம்பர்தானா? முன்னாடி இருந்தவர்களெல்லாம் சாப்பிடப் போய்விட்டார்களா? தேவசகாயம் உள்ளேதான் இருக்கிறான். பத்திரம் எழுதுகிறவருடைய ஆள் ஒரு சாட்சி. இன்னொரு சாட்சி இவர். சாட்சி இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள்.

ஏம்மா, நீ கொஞ்சம் எழுந்துபோய் அவரைக் கூப்பிடேன். பேரா? பேரை நான் சொல்லிப் பழக்கமில்லை. இந்தா, இந்த ஆதார் ஜெராக்ஸில் இருக்கிறது, பார்த்துக்கொள். நான் கூப்பிட்டேன் என்று சொல்லாதே. ஆபீஸில் கூப்பிடுகிறார்கள் என்று சொல்.

அந்த வாசலில் இரண்டாவது படி பெயர்ந்து கிடக்கிறது. பார்த்துக் கால் வைக்கச் சொல்.

அதையும் நான் சொன்னதாகச் சொல்லாதே.